மிதி என்றுதான் சொன்னேன்

கிளச்சுல காலை வச்சுக்கிட்டே ஓட்டுதான் இந்த டிரைவரு, கேக்குதா அண்ணாச்சி? அந்த இழுவைச் சத்தம். இன்னும் ஆறு மாசத்துல கிளச்சு பிளேட்டு கருகிப் போயிரும். யாரு இவனுக்குச் சொல்லிக் கொடுத்தான்னு தெரியல. எங்கிட்டப் படிச்சிருந்தான்னா இப்படி ஓட்ட விட்டிருப்பேனா? முழங்காலுலயே ஒண்ணு போட்டிருப்பேன்.

எந்திரிச்சுப் போய்ச் சொல்லலாம். ஆனா இப்ப எனக்கு அந்த வாய் கிடையாது. என் லைசென்சை முடக்கி வச்சிருக்காங்க. என்னோடதை! பாளையங்கோட்டையில போய் ஆவுடையப்பன் டிரைவிங் ஸ்கூல்னு கேட்டுப் பாருங்க. இருபத்தேழு வருசம். டாக்டருமாரு, கன்னியாஸ்திரி ரெண்டு பேரு, போலீஸ்காரங்க, கை நடுக்கம் உள்ள ஒரு கணக்கு வாத்தியாரு, எல்லாரும் என் பக்கத்துல உக்காந்து ஏச்சு வாங்கித்தான் ஓட்டப் படிச்சாங்க. ஏசாம சொல்லிக் கொடுத்தா காதுல நிக்காது அண்ணாச்சி. தேனா பேசுறவன்கிட்டப் படிச்சவன் எவனாவது மேட்டுல வண்டியை நிறுத்தி எடுக்கானான்னு பாருங்க. பின்னால உருளும்.

அப்படிப்பட்டவன் இன்னைக்கு டிக்கெட் எடுத்து பஸ்ல போறேன். என்ன குத்தம் செஞ்சேன்? வண்டியை ஓட்டுனது அந்தம்மா. ஸ்டியரிங்கைப் புடிச்சது அந்தம்மா. ஆக்சிலேட்டரை மிதிச்சது அந்தம்மா. தண்டனை எனக்கு. இதுக்குப் பேரு சட்டமாம்.

நீங்க தென்காசி வரைக்குமா? அப்ப நேரம் இருக்கு. கேளுங்க. நீங்களே சொல்லுங்க நியாயத்தை.

அந்தம்மா பேரு மங்கையர்க்கரசி. தபாலாபீசுல வேலை. அம்பது, அம்பத்தொண்ணு வயசிருக்கும். வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் வாதம் அடிச்சுப் படுத்துட்டாரு. வீட்டுல காரு நிக்கி, ஓட்ட ஆள் இல்ல. வாரம் ரெண்டு தடவை அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும். ஆட்டோவுல ஏத்தி இறக்க முடியலைன்னு எங்கிட்ட வந்தாங்க. "சார், இந்த வயசுல வருமா சார்?"னு கேட்டாங்க. "வயசுக்கும் பிரேக்குக்கும் என்னம்மா சம்பந்தம், நாளைக்குக் காலையில ஏழரைக்கு வாங்க"ன்னேன்.

சும்மா சொல்லக் கூடாது, சிரமப்பட்டாங்க. கியர் மாத்தும்போது கீழ குனிஞ்சு பாக்கறது. எதிர்ல மாடு வந்தாலும் ஸ்டியரிங்கை விட்டுட்டுக் கும்புடுத மாதிரி கையைத் தூக்குறது. நான் விடுவேனா? "கண்ணு ரோட்டுல! என் மூஞ்சியில என்ன எழுதியிருக்கு? ரோட்டைப் பாரு!" நிதானமா இருக்கையில வாங்க போங்கதான். கோவம் வந்தா நீ, வா, போதான். அது எல்லாருக்கும் பொதுவா உள்ளது. அந்தக் கணக்கு வாத்தியாரையே வாடா போடான்னிருக்கேன். அந்தம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாது. கண்ணு கலங்கும். முந்தானையால துடைச்சுக்கிட்டு மறுபடியும் சாவியைத் திருகும்.

பதினேழாவது நாளு. காலையில எட்டரை மணி. ஊருக்கு வெளிய கால்வாய்ப் பாலம் ஒண்ணு இருக்கு, ஒடுக்கமான பாலம். ஒரு பஸ்ஸு போனா பக்கத்துல சைக்கிளு போறதே கஷ்டம். எதிர்ல டவுன் பஸ் வருது. முறைப்படி நாம பாலத்துக்கு இந்தப் பக்கமே நிக்கணும். அந்தம்மாவும் வேகத்தைக் குறைச்சாங்க. குறைச்சிட்டு, நிப்பாட்டவா போகவான்னு ஒரு தயக்கம். அவ்வளவுதான், ஒரு கண்ணிமைக்கிற நேரம். நான் சொன்னேன், "மிதி!"

என்ன சொன்னேன்? மிதின்னேன். எதிர்ல பஸ் வருது, முன்னால ஒடுக்கமான பாலம், பக்கத்துல இருக்கிறவன் மிதின்னா எதை மிதிக்கணும்? பிரேக்கைத்தானே? சின்னப் புள்ளைக்குத் தெரியாதா? பிரேக்கைன்னு பேரு சொல்லி, விலாசம் எழுதி, ஸ்டாம்பு ஒட்டிக் கொடுக்கணுமா? தபாலாபீசுல இருந்தா அப்படியா?

அந்தம்மா ஆக்சிலேட்டரை மிதிச்சாங்க. முழுசா. நான் ரெண்டாந் தடவையும் மிதி மிதின்னு கத்தினேன், இன்னும் மிதிச்சாங்க.

பாலத்துக் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு ஆளு நின்னுக்கிட்டிருந்தான். மாசானம்னு பேரு, கொத்தனாரு. வேலைக்குப் போறவன், பஸ்ஸுக்கு வழி விட்டுத் தூக்குவாளியும் கையுமா சுவரோட சுவரா ஒட்டி நின்னிருக்கான். வண்டி இடது பக்கமா இழுத்துட்டுப் போய் அவன் வலது காலைச் சுவத்தோட வச்சு அணைச்சிட்டுது. தூக்குவாளி உருண்டு போச்சு. புளிச் சோறு. அது ரோட்டுல கொட்டிக் கிடந்தது மட்டும் எனக்கு இன்னும் கண்ணுல நிக்கி, வேற ஒண்ணும் சரியா ஞாபகம் இல்ல.

சத்தம் போட்டானா இல்லையான்னு கேட்டா, போடல. வாயைத் திறந்தான், சத்தம் வரல.

நான்தான் இறங்கி, அந்தம்மாவை இழுத்துக் கீழ விட்டுட்டு, உக்காந்து ரிவர்ஸ் எடுத்தேன். ஒரு அங்குலம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகாம, நேரா, அவன் காலுக்கு மேக்கொண்டு வலி கொடுக்காம எடுத்தேன். அப்படி ஒரு ரிவர்ஸ் ஜில்லாவுல எவனும் எடுக்க மாட்டான். அதை எவனாவது கோர்ட்டுல சொன்னானா? ஒருத்தன் சொல்லல.

டவுன் பஸ்ல இருந்து சனம் பூரா இறங்கிட்டுது. எல்லாரும் என்னையே பாக்காங்க. காருக்கு மேல போர்டு வேற இருக்கு, ஆவுடையப்பன் டிரைவிங் ஸ்கூல்னு பெரிய எழுத்துல. எனக்கு எப்படி இருக்கும்? நான் அந்தம்மாவைப் பாத்துக் கத்தினேன்: "நான் இங்ஙன என் பக்கத்துப் பிரேக்கை அமுக்கிப் புடிச்சிருக்கேன், நீ அதையும் மீறி மிதிச்சிட்டியே, பாவி!"

அப்பதான் சனம் என்னை விட்டுட்டு அந்தம்மாவைப் பாத்துது.

ஆம்புலன்ஸ் வந்தது. அந்தம்மாதான் அவன்கூட ஏறிப் போனாங்க. நான் போகல. வண்டியை அம்போன்னு நடு ரோட்டுல விட்டுட்டு எப்படிப் போக? போலீசு வர வரைக்கும் நின்னேன்.

போலீசு வந்தது. எஸ்.ஐ. யாருங்கீங்க? என் ஸ்டூடண்டு. அவன் டூவீலர்ல இருந்து காருக்கு மாறினதே எங்கிட்டத்தான். சரி, நம்ம பையன், பாத்துக்கிடுவான்னு நினைச்சேன். அவன் தொப்பியைக் கழட்டி வச்சுட்டு, "சார், உங்க பேரையும் சேக்கணும் சார்"ங்கான்.

"எதுக்குடே? நான் ஓட்டலையே?"

"அவங்க எல்.எல்.ஆர். சார். பழகுற ஆளு. பக்கத்துல உக்காந்திருக்கிறவரு வண்டியைக் கட்டுப்படுத்தி நிறுத்துற மாதிரி இருக்கணும்னுதான் சட்டத்துல இருக்கு. நீங்கதானே சார் எனக்கே அதைச் சொல்லிக் கொடுத்தீங்க."

எப்படி இருக்கு? நான் படிச்சுக் கொடுத்ததை என் தலையிலேயே கட்டுதான். எழுதுனான் பாருங்க அண்ணாச்சி, "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்." அதிவேகமாம்! ரெண்டாவது கியரு. எல்லா விபத்துக்கும் அதே ரெண்டு வார்த்தை, ரப்பர் ஸ்டாம்பு மாதிரி. மாட்டு வண்டி மோதினாலும் அதிவேகம்னுதான் எழுதுவாங்க.

மறுநாளு பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியைப் பாத்தாரு. ஸ்கூல் வண்டியில சொல்லிக் கொடுக்கறவன் காலடியிலயும் ஒரு பிரேக் உண்டு. அந்தம்மா பக்கத்துப் பிரேக்கும் நல்லா இருக்கு, என் பக்கத்துப் பிரேக்கும் நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுத்துட்டாரு. இருக்காதா பின்னே? என் வண்டிய்யா அது. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நானே கீழ படுத்துப் பாப்பேன்.

கேசு கோர்ட்டுக்கு வந்தது. முதல் எதிரி அந்தம்மா, ரெண்டாம் எதிரி நான். கோர்ட்டுல குத்தம் சாட்டப்பட்டவனுக்குப் பேரு எதிரிதான், தெரியுமா உங்களுக்கு? "ரெண்டாவது எதிரி ஆவுடையப்பன்"னு டவாலி மூணு தடவை கூவுவான். யாருக்குய்யா நான் எதிரி?

முதல் வாய்தாவுலயே அந்தம்மா என்ன செஞ்சுதுங்கீங்க? மாஜிஸ்ட்ரேட்டும் ஒரு அம்மாதான், சின்ன வயசு. "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?"னு கேட்டாங்க. "ஒத்துக்கிடுதேன் அம்மா. நான்தான் மிதிச்சேன். அவரு பிரேக் புடிச்சிருந்தாரு, நான் அதை மீறி மிதிச்சிட்டேன்"னு சொல்லிட்டுது. அபராதம் போட்டாங்க, கட்டிட்டுது, போயிட்டுது. வக்கீல் கூட வைக்கல.

சரி, நல்லதாப் போச்சுன்னுதான் நீங்க நினைப்பீங்க. எனக்கு அப்பவே பத்திக்கிட்டு வந்தது. ஏன்னா மாஜிஸ்ட்ரேட்டம்மா உடனே என் பக்கம் திரும்பி, "அவங்க ஒத்துக்கிட்டாங்க. நீங்க?"ங்காங்க. எல்லாரும் பாக்காங்க. ஒரு பொம்பளை தைரியமா ஒத்துக்கிட்டா, நான் என்ன? "நான் குத்தவாளி இல்ல"ன்னேன். அது என் குத்தமா?

ரெண்டு வருசம் அண்ணாச்சி. எத்தனை வாய்தா! ஒரு நாள் அரசு வக்கீல் வரல, ஒரு நாள் சாட்சி வரல, ஒரு நாள் மாஜிஸ்ட்ரேட்டே லீவு. என் வக்கீல் கோமதிநாயகம் கறுப்புக் கோட்டை முதுகுல போட்டுக்கிட்டு டீ குடிச்சுட்டு, "அண்ணாச்சி, கவலையே படாதீங்க, அவ ஒத்துக்கிட்டதே நமக்குப் போதும்"பாரு. ஒவ்வொரு தடவையும் அந்தம்மா அங்ஙன நிக்கும். அதுக்கு என்ன வேலை அங்க? கேசுதான் முடிஞ்சு போச்சே. விசாரிச்சா, மாசானத்தைச் சாட்சிக்குக் கூட்டியாருதாம். பஸ்ல அவனுக்கு உக்கார முடியாதுன்னு ஆட்டோ புடிச்சுக் கூட்டியாருதாம். மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை அவன் வீட்டுக்கும் போகுதாம். கோர்ட்டு முழுக்க அதே பேச்சு. "பாருங்க அந்தம்மா எப்படி!" எதுக்கு? என்னைக் கெட்டவனாக் காட்டத்தானே? அது போகலைன்னா, நான் போகாதது யாருக்குத் தெரியப் போகுது?

மாசானம் கூண்டுல ஏறினான். ஏறுறதுக்கே நேரம் ஆச்சு. காலுக்குள்ள கம்பி வச்சிருக்காங்க, முட்டி மடங்காது. நீட்டின காலை நீட்டினபடியே இழுத்து இழுத்து ஏறினான். "என்ன பாத்தே?"ன்னு கேட்டதுக்குச் சொல்லுதான்: "கண்ணாடி வழியா ரெண்டு பேரு மூஞ்சியும் தெரிஞ்சுது. அந்தம்மா மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருந்துது. இவரு வாயைத் திறந்து கத்திக்கிட்டிருந்தாரு."

"வேற என்ன பாத்தே?"

"அதுக்குப் பொறவு எனக்கு ஒண்ணும் தெரியாது."

என் வக்கீல் எந்திரிச்சு அவனை ஒண்ணும் கேக்கல. இதோட விட்டானே, நல்ல வேளைன்னாரு.

அப்புறம் பிரேக் இன்ஸ்பெக்டர். இங்ஙனதான் அந்தக் கோமதிநாயகம் என் மானத்தை வாங்கினான். குறுக்கு விசாரணையில கேக்கான்: "ஐயா, பிரேக் நல்லா இருந்துதுன்னு சொல்றீங்க. ஆனா ஒரு அம்பத்தெட்டு வயசுக்காரர், வயசான காலத்துல, ஆபத்து நேரத்துல, அந்த பிரேக்கை முழு பலத்தோட அமுக்க முடியாமப் போயிருக்கலாம் இல்லையா?" இன்ஸ்பெக்டர் என்னை ஒரு பார்வை பாத்துட்டு, "போயிருக்கலாம்"ங்காரு.

எனக்குக் காதுல புகை வருது. வெளிய வந்ததும் சட்டையைப் புடிச்சேன். "யாருக்குவே பலம் இல்ல? யாருக்குவே வயசாச்சு?" அவரு சிரிச்சுக்கிட்டே, "அண்ணாச்சி, இதுதான் நம்ம டிபென்சு. அடுத்த வாய்தாவுல உங்களைக் கேப்பாங்க. பிரேக் போட்டேன், காலு ஒத்துழைக்கலைன்னு ஒரு வார்த்தை. சந்தேகத்தின் பலன் உங்களுக்கு. விடுதலை"ங்காரு.

ஒரு வார்த்தைதான். நான் ராத்திரி பகலா அதைச் சொல்லிப் பாத்தேன். வீட்டுக்காரி கூட, "சொல்லித் தொலைங்களேன், யாரு உங்க காலை அளந்து பாக்கப் போறா"ன்னா. சரின்னுதான் போனேன்.

கூண்டுல நிக்கேன். மாஜிஸ்ட்ரேட்டம்மா நல்லாத்தான் பேசினாங்க, மரியாதையா. அதான் என்னைக் கவுத்திட்டுது. கோவமாக் கேட்டிருந்தா நானும் கவனமா இருந்திருப்பேன்.

"ஆவுடையப்பன், உங்க வக்கீல் சொல்றபடி, நீங்க பிரேக் போட்டீங்க. ஆனா வயசு காரணமா உங்களால சரியா அழுத்த முடியல. வண்டி நிக்கல. அப்படித்தானே?"

ஆமான்னு சொல்லணும். நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டுது. அந்தப் பக்கம் பாத்தா, பெஞ்சுல அந்த எஸ்.ஐ. இருக்கான், என் ஸ்டூடண்டு. வக்கீலுகள்ல ரெண்டு பேரு என் ஸ்டூடண்டு. டைப் அடிக்கிற புள்ளைக்கு நான்தான் எட்டு போடக் கத்துக் கொடுத்தேன். இத்தனை பேரு முன்னால, ஆவுடையப்பனுக்குப் பிரேக் புடிக்கக் காலுல வலு இல்லைன்னு எழுதிக்கிடப் போறாங்க. ரெக்கார்டுல. காலாகாலத்துக்கும்.

"யாரைப் பாத்தும்மா கேக்கீங்க?"ன்னுட்டேன். கத்திட்டேன். "இருபத்தேழு வருசம்! என் காலு மட்டும் பிரேக்குல இருந்திருந்தா அந்த வண்டி ஒரு சாண் நகர்ந்திருக்காது!"

டைப் அடிக்கிற புள்ளை நிப்பாட்டிட்டுது. கோமதிநாயகம் தலையில கையை வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு.

மாஜிஸ்ட்ரேட்டம்மா பேனாவைக் கீழ வச்சாங்க. "அப்ப உங்க காலு எங்க இருந்தது?"

எங்க இருந்தது.

"மடக்கி வச்சிருந்தேன்"னேன். "சீட்டு மேல. தொடைக்கு அடியில."

இப்படி ஏமாத்திப் புடுங்கலாமா ஒரு மனுசன்கிட்ட? நல்ல விதமாப் பேசி, மரியாதையாக் கேட்டு? இதுக்குப் பேரு விசாரணையா? நான் சொல்லாம இருந்திருந்தா உலகத்துல ஒருத்தனுக்குத் தெரியாது. ஒருத்தனும் பாக்கல. அந்தம்மா கூட பாக்கல, ஏன்னா ரோட்டைப் பாருன்னு நான்தான் சொல்லியிருந்தேன்.

பதினஞ்சு நாள் கழிச்சுத் தீர்ப்பு. தமிழ்லயே படிச்சாங்க. "இரண்டாம் எதிரி தன் காலை மடக்கி வைத்திருந்ததாகத் தானே ஒப்புக்கொண்டுள்ளார். பயிற்சி பெறுபவரைவிடப் பயிற்சி அளிப்பவருக்கே பொறுப்பு அதிகம்." அபராதம். லைசென்சு முடக்கம், ஸ்கூலுக்குப் பூட்டு. அதோட கோர்ட்டு கலையும் வரை சிறை. அப்படின்னா என்னன்னு தெரியுமா? ஜெயிலுக்கெல்லாம் போக வேண்டாம். சாயங்காலம் கோர்ட்டு முடியுற வரைக்கும் அங்ஙனயே ஒரு மூலையில பெஞ்சுல உக்காந்திருக்கணும். ஜெயிலே தேவலை அண்ணாச்சி. ஜெயில்ல நம்மளை யாரும் தெரிஞ்சவங்க பாக்க மாட்டாங்க.

பதினோரு மணியில இருந்து உக்காந்திருக்கேன். அடுத்த கேசு, அதுக்கடுத்த கேசுன்னு ஓடுது. மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. அந்தம்மா வந்து பெஞ்சுல அந்தக் கடைசியில உக்காந்துது. ஆபீசுக்கு லீவு போட்டுட்டு வந்திருக்கு தீர்ப்புக் கேக்க. நான் சுவத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

"சார்"ங்குது.

"என்னம்மா? சந்தோசந்தானே?"

"ரெண்டு வருசமா நான் காருப் பக்கமே போகல சார். வித்துட்டோம். அவரை இப்பவும் ஆட்டோவுலதான் தூக்கிட்டுப் போறேன். ஒரு ஆம்பளை பிரேக்கை அமுக்கிப் புடிச்சும், அதை மீறி ஒரு மனுசன் காலை நசுக்குற அளவுக்கு மிதிச்சிருக்கேன்னா, எனக்குள்ள என்ன இருக்கோன்னு நினைச்சு நினைச்சு... நான் தூங்கி ரொம்ப நாளாச்சு சார். நீங்க பிரேக் புடிக்கவே இல்லைன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கலையே?"ன்னேன்.

சட்டுன்னு வந்துட்டுது. வாயில அதான் வந்தது. கேட்டிருந்தா மட்டும் சொல்லியிருப்பேனான்னு நீங்க பாக்கீங்க. பாக்காதீங்க அப்படி. சொல்லியிருக்க மாட்டேன். சரியா? சொல்லியிருக்க மாட்டேன்.

அந்தம்மா என் பக்கம் திரும்பி உக்காந்துது. அப்புறம், "ஏன் சார் காலை மடக்கினீங்க?"னு கேட்டுது. கோவமாக் கேக்கல. நெசமாத் தெரிஞ்சுக்கிடணும்ங்கற மாதிரிக் கேட்டுது.

உள்ளதைச் சொன்னேன். "அன்னைக்கு நல்லா ஓட்டுனீங்க. அதான்."

நெசந்தான் அண்ணாச்சி. அன்னைக்குப் புறப்பட்டதுல இருந்து ஒரு குலுக்கல் இல்ல. கியரு வெண்ணெய் மாதிரி விழுது. கீழ குனிஞ்சு பாக்கல. பதினாறு நாளு நான் பட்ட பாட்டுக்கு அன்னைக்குத்தான் உக்கார்ந்த மாதிரி உக்கார்ந்தேன். இருபத்தேழு வருசத்துல நாலே நாலு பேருக்குத்தான் நான் லைசென்சு வாங்கறதுக்கு முன்னால காலை எடுத்திருக்கேன். நாலாவது அந்தம்மா. அது எவ்வளவு பெரிய மரியாதைன்னு அதுக்குத் தெரியாது. திடீர்னு பஸ்ஸைப் பாத்ததும், காலு அடியில மாட்டிக்கிட்டு நிக்கி, மரத்துப் போச்சு, எடுக்க வரல. காலு வரலைன்னா வாயிதானே வரும்? அதான் கத்தினேன்.

அந்தம்மா என்னைப் பாத்த பார்வை இருக்கே. கன்னத்துல அறைஞ்ச மாதிரி பாத்துது. "நல்லா ஓட்டுறேன்னு ஒரு நாள் கூட நீங்க சொன்னதில்லையே சார்"ன்னுது.

"சொன்னா தலைக்கனம் வந்துரும்"னேன்.

எந்திரிச்சுப் போயிட்டுது. ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம்லா? ஏசிட்டுப் போயிருந்தா கணக்கு நேராயிருக்கும். ஏசாமப் போகுது! அதுவும் ஒரு திமிருதானே?

சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு மாஜிஸ்ட்ரேட்டம்மா இறங்கினாங்க, நீங்க போகலாம்னாங்க. வராந்தாவுக்கு வந்தேன். அங்ஙன தூணுல சாஞ்சுக்கிட்டு மாசானம் நிக்கான். ஆட்டோவுக்கு நிக்கான் போல. தாண்டிப் போயிரலாம்னு பாத்தேன். வழி அது ஒண்ணுதான்.

"அண்ணாச்சி"ன்னான்.

நின்னேன். ஏசப் போறான், ஏசட்டும், நாமளும் நாலு வார்த்தை சொல்லுவோம்னு நின்னேன். நான் தயாரா இருந்தேன் பாத்துக்கிடுங்க. வழியில எதுக்குடா நின்னே, பஸ் வந்தா பாலத்துக்கு இந்தப் பக்கம் நிக்க வேண்டியதுதானேன்னு கேக்கலாம்னு கூட நினைச்சேன்.

அவன் சத்தமே போடல. "காலை மடக்கி உக்காந்திருந்தீங்களாமே"ன்னான். "படிச்சாங்க, கேட்டேன். எனக்கு மடக்கத்தான் முடியல அண்ணாச்சி. சாரத்துல ஏற முடியல. கீழ உக்காந்து சோறு திங்க முடியல. கக்கூசு போக முடியல. பஸ்ல சீட்டு கிடைச்சாலும் நீட்டிக்கிட்டு நிக்கத்தான் முடியுது." அவ்வளவுதான். ஆட்டோ வந்துட்டுது, போயிட்டான்.

நாலு பேரு நிக்க வராந்தாவுல ஒரு பெரிய மனுசனைப் பாத்து இப்படிச் சொல்லலாமா? வக்கீலுங்க நிக்காங்க, என் ஸ்டூடண்டு நிக்கான். நீங்க சொல்லுங்க, இது முறையா? கோர்ட்டு ஒரு தண்டனை கொடுத்தாச்சு. பெஞ்சுல உக்காந்து முடிச்சாச்சு. அதுக்கு மேல இவன் யாரு எனக்கு இன்னொண்ணு கொடுக்க?

அன்னைக்கிலிருந்து எனக்குத் தரையில உக்காந்து சாப்பிட முடியல. எனக்கு ஒரு நோவும் கிடையாது, முட்டி கல்லு மாதிரி இருக்கு. ஆனா காலை மடக்குனா அவன் குரலு கேக்குது. வீட்டுக்காரி நாற்காலியில வச்சுச் சோறு போடுதா. இது அவன் செஞ்ச வேலைதானே? இதுக்கு எந்தச் செக்சன்ல கேசு போட?

அதான் கேக்கப் போறேன். இன்னைக்கு நேருக்கு நேரா கேட்டுறணும். அவன் வீடு இந்த ரோட்டுலதான், மாறாந்தை விலக்குல இறங்கி அரை மைல் உள்ள போகணும். உங்ககிட்ட என்ன மறைக்க, இதுக்கு முந்தி ரெண்டு தடவை டிக்கெட் எடுத்து வந்திருக்கேன். ரெண்டு தடவையும் விலக்கு வந்துது, எந்திரிக்கல. ஆலங்குளத்துல இறங்கி, ஒரு டீயைக் குடிச்சுட்டு, எதிர்ப் பஸ்ஸைப் புடிச்சு வீட்டுக்குப் போயிட்டேன். வீட்டுக்காரி, "பாத்தீங்களா?"ன்னு கேட்டா. அவன் ஊர்ல இல்லைன்னேன்.

என்ன கேப்பேன்னா? கேப்பேன். ஏன்டா அப்படிச் சொன்னேன்னு கேப்பேன். அவன் உக்காருங்க அண்ணாச்சிம்பான், அவன் நின்னுக்கிட்டிருப்பான். நான் எப்படி உக்கார? நின்னுக்கிட்டுதான் பேசணும். ரெண்டு பேரும் நின்னுக்கிட்டு. அதுக்கு மேல எனக்குத் தெரியல. எனக்கு ஏசத்தான் தெரியும் அண்ணாச்சி, வேற பேச்சு நான் படிக்கல. என்ன வருதோ வரட்டும்.

கண்டக்டரு என்ன சொல்லுதான்? மாறாந்தையா?

இருங்க, இருங்கய்யா, விசிலடிக்காதீங்க! ஆளு இறங்கணும்.